கேட்ட எடையும் நிறுத்த எடையும்

நாகர்கோவிலில் குழந்தைகள் வார்டில் செவிலியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளையின் எடையைத் தாயிடம் கேட்டேன். "பதினஞ்சு கிலோ இருக்கும் சிஸ்டர்" என்றார். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். மருத்துவர் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதிய பிறகு, மூத்த சிஸ்டர் ஒருவர் பிள்ளையை மெஷினில் நிறுத்தச் சொன்னார்; 12 கிலோதான் இருந்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 60 மில்லிகிராம் போட வேண்டிய இடத்தில் 75 போட்டிருப்பேன். சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கக்கூடிய மருந்தில் அது கால் பங்கு கூடுதல். தாய்மீது குற்றமில்லை, அவர் உத்தேசமாகச் சொன்னதை நிறுத்த எடைபோல எழுதியது என் பிழை.

பெருக்கலும் வகுத்தலும் எல்லோருக்கும் தெரியும். கணக்குக்குள் போகும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எடைக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது பாட்டிலின் லேபிளை. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால், 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். இது 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3.6 மில்லி, 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் 7.5 மில்லி, 1 மில்லியில் 100 உள்ள டிராப்ஸில் வெறும் 1.8 மில்லி. குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சிரப்பும் இங்கே வாங்கிய டிராப்ஸும் ஒரே அலமாரியில் இருப்பதுண்டு. சிரப்புக்குச் சொன்ன 7.5 மில்லியை டிராப்ஸில் அளந்து கொடுத்தால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும். கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று நாங்கள் கடைப்பிடிக்கும் ஒரு நாள் உச்ச வரம்பான 720-ஐ அது ஒரே வேளையில் தாண்டிவிடும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது "ஒரு மூடி கொடுங்கள்" என்று நான் சொல்வதே இல்லை. அவர்கள் கையில் இருக்கும் பாட்டிலை வாங்கிப் பார்த்து, சிரிஞ்சில் கோடு காட்டி அனுப்புகிறேன்.

வார்டில் இரண்டாவது சிஸ்டர் சரிபார்க்கும்போது என் விடையைச் சொல்லாமல் தனியாகக் கணக்கிடச் சொல்வேன். விடையைக் கேட்டுவிட்டால் தலையாட்டத்தான் தோன்றும். பருமனான பிள்ளைகளுக்குக் கிலோ கணக்கு பெரியவர்களின் டோஸையே மிஞ்சலாம் என்பதால் அந்த வரம்பையும் பார்க்க வேண்டும். அரை மில்லியை 0.5 என்று முன்னே சுழியம் போட்டு எழுத வேண்டும், ஐந்தை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியதும் ஐம்பதாகிவிடும்.

வலிப்போடு வரும் பிள்ளையை எடைபார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்போது வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்குகிறோம். நான்கு வயதுக்கு 16 கிலோ. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "உத்தேசம்" என்று எழுதிவைக்கிறேன். வலிப்பு அடங்கியதும் பிள்ளையை எடைபார்த்து, அந்த எண்ணை அடித்துவிட்டுச் சரியான எடையை எழுதுகிறேன்.