அந்த உத்தரவு நகல்

கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம்தான் மகளிர் காவல் நிலையப் படியேறினேன். உதடு கிழிந்திருந்தது. என்னையும் என் கணவரையும் உட்கார வைத்துப் பேசி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இருபது நாள் கூடத் தாங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசியபோதுதான் சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே தெரிந்தது. அந்த அம்மா இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அடித்தது மட்டுமா, சம்பள ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்தது, பிள்ளைகள் முன்னால் கேவலமாகப் பேசியது எல்லாமே 2005-ஆம் ஆண்டு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்ப வன்முறைதான் என்று சொல்லி அறிக்கையில் ஏற்றினார். தேதி கேட்டால் எனக்கு நினைவில்லை. "தீபாவளிக்கு முதல் நாள்", "சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தப்போ" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரி சீட்டு ஒன்றுதான் கையில் இருந்தது, அதையும் இணைத்தார்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசமாகக் கிடைத்தார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம்.

"கேஸ் போட்டா எம்புள்ளையை ஜெயில்ல தள்ளிடுவாங்களேம்மா" என்று மாமியார் போனில் அழுதார். எனக்கும் அந்தப் பயம்தான். வக்கீலம்மா புரியவைத்தார்: குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்டுப் போடும் இந்த மனுவுக்காக யாரையும் உள்ளே தள்ள மாட்டார்கள். மாஜிஸ்திரேட் முதலில் பாதுகாப்பு உத்தரவு போடுவார். அதை மீறினால்தான் அந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 498ஏ என்று எல்லோரும் சொல்லும் கொடுமை வழக்கு, 2024 ஜூலையிலிருந்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. அதைத் தனியாகப் போடலாம், இதோடு சேர்த்தும் நடத்தலாம். நான் அப்போது உத்தரவு மட்டும் போதும் என்றேன்.

அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. ஆனால் இடைக்கால உத்தரவு இரண்டாவது வாய்தாவிலேயே வந்துவிட்டது. நான் இருக்கும் வீடு, வேலை பார்க்கும் கடை, பிள்ளைகளின் பள்ளி எதன் பக்கமும் அவர் வரக் கூடாது. போனிலும் பேசக் கூடாது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். உத்தரவு நகலைக் கோர்ட் உங்களுக்கும் உங்கள் பகுதி ஸ்டேஷனுக்கும் இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்க் கேளுங்கள். நான் போனபோது அங்கே வந்திருக்கவில்லை. என் நகலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தார். போலீஸ் வந்தது. சீல் வைத்த பிரதியைக் காட்டினேன். இந்த முறை யாரும் என்னை உட்கார்ந்து பேசச் சொல்லவில்லை. உத்தரவை மீறுவது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை.