ஜூலை மாசத்துல என்ன பள்ளிக்கூடம்?

2019 ஜூன் கடைசியில் வட கரோலினாவின் கேரி ஊரில் வந்து இறங்கினோம். பெட்டிகளில் பாதியைக்கூடப் பிரிக்கவில்லை. குக்கருக்கு கேஸ்கெட் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாமல் மூன்று நாளாகச் சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகளை ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப் போனால், அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்தபடியே "அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது" என்றார். எனக்கு ஆங்கிலம்தான் காலை வாரிவிட்டதோ என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அடுத்த வாரமேதான். ஜூலை 4, சுதந்திர தின வாணவேடிக்கை முடிந்த கையோடு.

அன்று ராத்திரி உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன்.

"ஜூலை மாசத்துல என்ன பள்ளிக்கூடம்? அமெரிக்காவுல ஜூலையில லீவுன்னுதானத்தா ஒன் நாத்தனா சொன்னா?"

நாத்தனார் சொன்னதும் சரிதான். அவள் இருப்பது டெக்சஸ். வட கரோலினாவிலும் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை லீவுதான். ஆனால் கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ் எல்லாம் அடங்கிய, நம் மாவட்டம் மாதிரியான வேக் கவுண்டியில் பல ஆரம்பப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் வருடம் முழுக்க நடப்பவை. எங்கள் விலாசத்துக்கு உரிய பள்ளி அதில் ஒன்று. வீடு பார்க்கும்போது மளிகைக்கடை எவ்வளவு தூரம், கோயில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்ட நாங்கள் பள்ளிக்கு எப்போது லீவு என்று கேட்கவில்லை. யாருக்குத்தான் அது தோன்றும்?

வருடம் முழுக்க என்றால் லீவே இல்லை என்று அர்த்தமில்லை. வேலை நாட்கள் மற்றப் பள்ளிகளைப் போலவே ஏறக்குறைய 180தான். 45 நாள் படிப்பு, 15 நாள் விடுமுறை என்று மாறி மாறி வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், முழுப்பரீட்சை லீவைத் துண்டு போட்டு, கால் பரீட்சை லீவுக்கும் அரைப் பரீட்சை லீவுக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். இது ஒரு பாதிதான். மறுபாதி புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. பிள்ளைகளை நான்கு டிராக்குகளாகப் பிரிக்கிறார்கள். எந்த நேரத்திலும் மூன்று டிராக் பள்ளியில் இருக்கும், ஒன்று லீவில் இருக்கும். லீவுக்குப் போவது 'டிராக் அவுட்', திரும்பி வருவது 'டிராக் இன்'.

என் கணவர்தான் இதை ஒரே வரியில் விளக்கினார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர். அறையில் மூன்று கட்டில், வாடகை கொடுப்பவர்கள் நான்கு பேர், ஒருவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். "அதே கணக்குதான்" என்றார். 750 பிள்ளைகள் கொள்ளும் கட்டடத்தில் 1,000 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். படிப்பு, மூளை, மறதி என்று பிறகு எத்தனையோ காரணங்களைக் கேட்டேன். ஆனால் இங்கே இது இவ்வளவு பரவியதற்கு முதல் காரணம் இந்த மூன்று கட்டில்தான். ரிசர்ச் டிரையாங்கிள் பூங்கா என்ற, கம்பெனிகள் நிறைந்த வளாகத்தின் வேலைகளை நம்பி எங்களைப் போன்றவர்கள் வந்து குவிந்துகொண்டே இருக்க, அந்த வேகத்துக்குப் பள்ளி கட்டி மாளவில்லை.

எங்களுக்குக் கிடைத்த டிராக் ஒரு வேடிக்கை. கடைசியாக வந்து சேர்ந்தவர்களுக்கு மிச்சம் இருந்ததைத்தானே கொடுப்பார்கள். பள்ளி திறந்து மூன்றே வாரத்தில் மகளுக்கு மூன்று வாரம் லீவு. அப்போதுதான் ஒரு தோழி பிடித்திருந்தாள், பஸ் எண்ணை மனப்பாடம் செய்திருந்தாள். "என்னைப் பிடிக்கலைன்னு அனுப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பெண்ணிடம் கட்டடக் கொள்ளளவை எப்படி விளக்குவது?

எதிர்வீட்டு அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் வேண்டாம், நாங்கள் அவரை 'டீச்சர்' என்றே சொல்கிறோம். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரோடு வந்து படியில் உட்கார்ந்தார். அவருடைய புலம்பல் வேறு. டிராக் அவுட் ஆகும்போது ஆசிரியர் தன் வகுப்பறையைக் காலி செய்ய வேண்டும். உள்ளே வரும் டிராக்குக்கு அந்த அறை வேண்டுமே. சுவரில் ஒட்டிய எழுத்து அட்டை, புத்தகங்கள், பிள்ளைகள் செய்த பொம்மைகள் என்று எல்லாவற்றையும் சக்கரம் வைத்த அலமாரியில் ஏற்றி மூலையில் தள்ளிவிட்டுப் போக வேண்டும். மூன்று வாரம் கழித்து வேறு அறையில் மறுபடியும் கடை விரிக்க வேண்டும். "வருஷத்துக்கு நாலு தடவை வீடு மாத்துற மாதிரி" என்றார். ஆனாலும் அந்த முறை அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்பது வாரம் ஓடியதும் மூச்சு வாங்க இடம் கிடைத்தது என்றும், அக்டோபர் கடலோரத்தில் கூட்டமே இருக்காது என்றும் சொன்னார்.

சண்டைக் கதையைச் சொன்னதும் அவர்தான். 2006 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்காக 97 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக 22 பள்ளிகளை 2007லிருந்து கட்டாயமாக ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளிகளாக மாற்ற, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் கல்வி வாரியம் முடிவெடுத்தது. பெற்றோர்கள் 'வேக் கேர்ஸ்' என்று ஓர் அமைப்பாகத் திரண்டு வழக்குப் போட்டார்கள். 2007 மே மாதம் நீதிபதி ஹோவர்டு மேனிங், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை இந்த அட்டவணையில் போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். பள்ளி திறக்க ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இருந்தது. வீடு வீடாகச் சம்மதப் படிவம் பறந்ததாம். அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2009இல் மாநில உச்ச நீதிமன்றமும் வாரியத்துக்குத்தான் அதிகாரம் என்றது. வழக்கில் ஜெயித்த வாரியம் அதே வருடம் தேர்தலில் தோற்றது, பெரும்பான்மையே மாறிப்போனது.

"இந்தத் தெருவுல ஒரு வீட்டு வாசல்ல ஆதரவுப் பலகை, அடுத்த வீட்டு வாசல்ல எதிர்ப்புப் பலகை. ரெண்டு வீட்டுக்காரங்களும் ரெண்டு வருஷம் பேசிக்கல" என்று சிரித்தார் டீச்சர். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்காகப் பேசாமல் இருந்த பங்காளிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நீண்ட கோடை விடுமுறைக்கும் இங்கே காவலர்கள் உண்டு. 2004இல் மாநிலச் சட்டமன்றம், வழக்கமான பள்ளிகள் ஆகஸ்ட் கடைசிக்கு முன்னால் திறக்கக்கூடாது, ஜூன் முதல் பாதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டது. கோடையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்ட பெற்றோரும், கடலோர ஓட்டல்களையும் வாடகை வீடுகளையும் நம்பியிருக்கும் சுற்றுலாத் தொழிலும் அதற்காக ஒன்றாக நின்றார்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்தால் அந்த வீடுகளுக்கு யார் வருவார்கள், அங்கே வேலை செய்யும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

நம் ஆட்களின் வாதமே வேறு. சனிக்கிழமை பிறந்தநாள் விருந்தில் பிரியாணித் தட்டோடு நின்றால் பத்து நிமிடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "பத்து வாரம் லீவு விட்டா மேத்ஸ் எல்லாம் மறந்துரும்ங்க" என்பார் ஒருவர். அவர் பையனுக்கு லீவிலும் கணக்கு வகுப்பு உண்டு, அதனால் அவன் மறப்பதற்கு வழியே இல்லை என்பது வேறு விஷயம். பத்து வாரம் ஊரில் இருந்தால்தான் பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பார் இன்னொருவர். விவசாயத்துக்காக விட்ட லீவை இன்னும் ஏன் கட்டி அழுகிறார்கள் என்று ஒரு குரல் கட்டாயம் வரும். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், என் அப்பா களத்துமேட்டுக்காரர் என்பதையே மறந்துவிட்டு இதை ஒப்புக்கொண்டேனே என்று தோன்றியது. விதைப்பும் அறுப்பும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தானே வரும்? இந்த நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கிராமத்துப் பள்ளிகள் கோடையிலும் குளிரிலும்தான் நடந்திருக்கின்றன. கோடை லீவு நகரத்தின் வெக்கையாலும், வசதியானவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டதாலும் வந்தது.

மறதிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிறகு டர்ஹாமின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஹாரிஸ் கூப்பர், 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு நழுவுகிறது, கணக்கில் இன்னும் கூடுதல் என்று எழுதினார். ஆனால் லீவைத் துண்டு போட்டால் அது சரியாகிவிடுமா? அதற்கு எங்கள் வேக் கவுண்டியே சோதனைச்சாலை. 2007இல் மாற்றிய அதே 22 பள்ளிகளை வைத்து ஸ்டீவன் மெக்மல்லன், கேத்ரின் ரவுஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி மாணவருக்கு மதிப்பெண்ணில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வழக்கு, வாக்கெடுப்பு, இரண்டு வருடப் பேச்சுவார்த்தையின்மை எல்லாம் கழிந்த பிறகு கிடைத்த விடை இது. இதை விருந்தில் ஒருமுறை சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை, பிரியாணிக்கு உப்பு சரியா என்று பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இங்கே நாட்களாவது குறையவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் நெரிசலைச் சமாளிக்க வைத்திருந்த ஓர் அட்டவணையில் வருடத்துக்கு 163 நாள்தான் பள்ளி. 2004இல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, 2012க்குள் அதைக் கைவிட வேண்டும் என்று ஆனது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில்தான் கட்டில் பற்றாக்குறை அதிகம் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்து என்ன என்று கேட்டால், எந்த வருடத்துக் கருத்து என்று திருப்பிக் கேட்பேன்.

எனக்கு வேலை அனுமதி கிடைக்காத முதல் இரண்டு வருடம், ஆண்டு முழுதும் பள்ளி அருமையானது என்று யாரிடமும் வாதாடியிருப்பேன். அக்டோபரில் மலைப்பக்கம் இலை நிறம் மாறும்போது போய்வந்தோம், எல்லாமே பாதிக் கூட்டம். வேலை கிடைத்ததும் தலைகீழாகிவிட்டது. அதற்குள் பள்ளியில் சேர்ந்திருந்த எங்கள் பையனை வருடத்துக்கு நான்கு முறை மூன்று வாரம் எங்கே விடுவது? டிராக் அவுட் கேம்ப் என்று நடத்துகிறார்கள். பதிவு திறக்கும் காலையில் இரண்டு மடிக்கணினியும் ஒரு கைபேசியுமாக ஐபிஎல் டிக்கெட்டுக்கு உட்கார்வதுபோல உட்கார்ந்தும், ஒருமுறை கடைசி வாரம் கிடைக்கவில்லை. கிடைத்த வாரங்களுக்கு 250 டாலருக்குக் குறைவில்லை. மாலை ஆறு மணி தாண்டினால் அதற்கு வேறு பணம். அந்தக் கிடைக்காத வாரத்தில் பையன் என் மீட்டிங்குகளில் பின்னணியில் வீணையில்லாத சரஸ்வதியாக ஐபேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஓட்டலிலும் கடையிலும் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெற்றோருக்கு என் மாதிரி வீட்டிலிருந்து மீட்டிங் என்ற வசதியும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு அப்பா சொன்னார், கோடை என்றால் ஊர் முழுக்க ஏதாவது ஏற்பாடு இருக்கும், சொந்தக்காரர்களும் முறைவைத்துப் பார்ப்பார்கள், பிப்ரவரியில் யார் பார்ப்பார்கள் என்று. எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறோம். பெயர் பாட்டி. விசிட்டர் விசாவில் வந்தால் பொதுவாக ஆறு மாதம் இருக்கலாம். நன்றாகத் தேதி பார்த்து டிக்கெட் போட்டால் இரண்டு டிராக் அவுட் அதற்குள் அடங்கிவிடும். ஒரு வருடம் அம்மாச்சி, மறு வருடம் அப்பத்தா. "என்னைய பேரனப் பாக்க கூப்புட்டியா, பள்ளிக்கூட லீவப் பாக்க கூப்புட்டியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2023இல் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் இந்த நான்கு டிராக் கிடையாது, அவளுக்கு ஆகஸ்ட் கடைசியில் திறந்து ஜூனில் முடியும். பையனுக்கோ ஜூலை முதல் ஜூன். ஒரே வீட்டில் இரண்டு பஞ்சாங்கம். அவள் கோடையில் பதினோரு மணிக்கு எழுந்து தோசை கேட்கும்போது அவன் மதியச் சாப்பாட்டை முடித்திருப்பான். இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது பெரும்பாலும் நன்றி நவிலல் நாளும் கிறிஸ்துமஸ் வாரங்களும்தான், அப்போது விமான டிக்கெட் விலையைக் கேட்டால் கண் இருட்டும்.

அதே வருடம்தான் பையனுக்கு எல்லோரும் கேட்கும் நாலாம் டிராக் கிடைத்தது. அந்த டிராக்குக்கு ஜனவரியில் மூன்று வாரம் லீவு. அவனையும் என்னையும் மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு அவர் மகளோடு இருந்துகொண்டார். பல வருடம் கழித்து நான் பிறந்த வீட்டு வாசலில் பொங்கல் பானை பொங்கப் பார்த்தேன். பையன் கரும்பை எந்தப் பக்கம் கடிப்பதென்று தெரியாமல் உதட்டைக் கிழித்துக்கொண்டான். என் தம்பி பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு, நான்கு நாள் அவன் செருப்பே போடவில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலை டிவியில் பார்த்துவிட்டு, வீட்டுக் கன்றுக்குட்டியைப் பிடிக்கப் போய்ச் சாணியில் விழுந்தான். வீடியோவில் அதைப் பார்த்த மகள் சிரித்தாள், பிறகு "எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

இப்போது பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான். நடுநிலைப் பள்ளிக்கு எந்த அட்டவணை வேண்டும் என்று விண்ணப்பிக்கலாம். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது, அதுவரையாவது இரண்டு பேருக்கும் ஒரே லீவு இருக்கட்டும் என்றார் அவர். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. வழக்கமான அட்டவணைப் பள்ளிக்கே விண்ணப்பம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப இனிமே பெரிய லீவுக்கு ரெண்டு பேரும் சேந்து வருவாங்களா?"

"வருவாங்கம்மா."

"மே மாசமா?"

"இல்லம்மா. ஜூன் பாதிக்கு மேல."

"ஜூன்ல இங்க பள்ளிக்கூடம் தொறந்துருவாங்களேத்தா. ஒன் தம்பி பிள்ளைக இருக்காதே."

"ஆமாம்மா."

"சரி" என்றார் அம்மா. "மாங்காயும் முடிஞ்சிருக்கும்."