காதுக்குள் பேட்டரி கிடையாது

காது கேட்காத மகளுக்கு இரண்டரை வயதில் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தோம்; சத்தத்தை மின்துடிப்பாக்கிக் காது நரம்புக்குக் கொடுக்கும் கருவி அது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட், ஸ்கேன், மூளைக்காய்ச்சல் வராமலிருக்கத் தடுப்பூசி, வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் என்று அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்த பிறகுதான் எங்களுக்குப் பாடம் ஆரம்பித்தது.

தோலுக்கடியில் வைக்கும் கருவியில் பேட்டரியே கிடையாது. இது எனக்கு, கருவியை முதன்முதலில் இயக்கிய ஸ்விட்ச் ஆன் அன்றுதான் தெரியும். காதின் மேல் மாட்டும் மெஷினிலிருந்து ஒரு வயர் போய், பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய காயிலில் (கம்பிச்சுருள் வில்லை) முடிகிறது. அது தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். கரண்ட், சத்தம் இரண்டும் அதிலிருந்து தோலைத் தாண்டி உள்ளே இருக்கும் காயிலுக்குப் போகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரிதான்; பாத்திரத்தைத் தூக்கினால் சூடு நின்றுவிடும். இங்கே சில மில்லிமீட்டர் விலகினாலே குழந்தைக்கு உலகம் மௌனம்.

முதல் மாதம் காயில் விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தால் மெஷினில் லைட் மினுக்கும். நாள் முழுக்க அந்த லைட்டைப் பார்ப்பதே வேலை. பேட்டரியும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மெஷினைச் சரிபார்த்துத் தரும் காது கேட்கும் நிபுணர், ஆடியோலஜிஸ்ட், ஒரு நம்பர் கூடுதல் பலமான காந்தம் போட்டுக் கொடுத்தார். நன்றாக ஒட்டியது. ஒரே வாரத்தில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்துவிட்டது. அப்படியே விட்டால் தோல் புண்ணாகிவிடும் என்று திட்டினார். பழைய காந்தத்துக்கே திரும்பினோம். காயில் உட்காரும் இடத்தில் மட்டும் முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். ஆபரேஷன் வீக்கமும் அதற்குள் நன்றாக வடிந்திருந்தது. இடைவெளி குறைந்ததால் காயிலுக்குப் போகும் பவரையும் மேப்பிங்கில், அதாவது கம்ப்யூட்டரில் மெஷினின் அளவுகளைச் சரிசெய்யும்போது, குறைத்தார். அதன்பின் பேட்டரி சாயங்காலம் வரை தாங்கியது.

எட்டாவது மாதம் பெரிய பயம். காயில் ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் கழுத்தைத் திருப்பினால் லைட் மினுக்குகிறது. உள்ளே வைத்தது பழுதாகிவிட்டதோ என்று இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் வேறு வயரை மாட்டிப் பார்த்தார்கள், சரியாகிவிட்டது. வெறும் வயர்! முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம். இப்போது கைக்காசு போட்டு ஒரு ஸ்பேர் வயர் வாங்கி, ராத்திரி மெஷினை ஈரம் போக வைக்கும் டிரை பாக்ஸ் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற பெற்றோரிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: லைட் மினுக்கினால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள்.

என் மாமியாருக்குத்தான் இந்த மெஷினோடு ஒத்துப்போக நாளானது. ஞாயிற்றுக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைத்துவிடுவார், காயில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டைகூட வந்தது. இப்போது அந்த வட்டத்தின் மேல் ஒரு விரலை வைத்து மறைத்துக்கொண்டு, சுற்றி மட்டும் தேய்க்கிறார்.