திரையின் முழு உயரத்தில் பறவைப் படங்கள்: சிஎஸ்எஸ் அனுபவக் குறிப்பு

நான் எடுத்த பறவைப் படங்களுக்காக அமைத்துவரும் இணையப் பக்கத்தில், ஒவ்வொரு படமும் உலாவியின் முழு உயரத்தையும் நிரப்ப வேண்டும், பறவையின் பெயரும் குறிப்பும் படத்தின் மீதே, அதன் அடிப்பகுதியில் நிற்க வேண்டும் என்பதே இம்முறை எடுத்துக்கொண்ட வேலை.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், முதலில் 'ஹைட்: 100%' (உயரம் நூறு சதவீதம்) என்ற வழியைச் செய்து பார்த்தேன். சதவீதத்தில் சொல்லப்படும் உயரம் தாய்ப் பெட்டியின், அதாவது அந்த உறுப்பை உள்ளடக்கிய வெளிப் பெட்டியின், உயரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அந்தத் தாய்ப் பெட்டியின் உயரம் 'ஆட்டோ' (உள்ளடக்கத்துக்கு ஏற்ப) என்று இருந்தால், எதில் நூறு சதவீதம் என்பதற்கு விடை இல்லாமல், இந்தக் கட்டளையும் 'ஆட்டோ' என்றே கொள்ளப்படுகிறது. ஆகவே ஹெச்டிஎம்எல் (பக்கத்தின் வெளி உறுப்பு), பாடி (அதற்குள் உள்ளடக்கத்தைத் தாங்கும் உறுப்பு), அவற்றுக்குள் இருக்கும் பெட்டிகள் என ஒவ்வொன்றுக்கும் உயரம் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பழைய பக்கங்கள் சிலவற்றில் இத்தொடர் இல்லாமலே முழு உயரம் கிடைப்பதற்குக் காரணம், டாக்டைப் வரி (பக்கத்தின் வகையை அறிவிக்கும் முதல் வரி) இல்லாத பக்கங்களை உலாவிகள் 'குவர்க்ஸ்' என்ற பழைய முறையில் காட்டுவதுதான்.

அடுத்து '100விஹெச்'. ஒரு விஹெச் என்பது காட்சிப் பரப்பின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. தாய்ப் பெட்டியை அது சாராது. பாடிக்கு உலாவி தானாக இடும் 8 பிக்சல் மார்ஜினை (ஓர இடைவெளியை) நீக்கியதும் கணினியில் பக்கம் கச்சிதமாக அமைந்தது. கைப்பேசியிலோ பறவையின் பெயர் திரைக்குக் கீழே மறைந்தது. கைப்பேசி உலாவிகளின் முகவரிப் பட்டை உருட்டும்போது சுருங்குகிறது. விஹெச் அந்தச் சுருங்கிய நிலையில் கிடைக்கும் பெரிய உயரத்தையே கணக்கில் கொள்கிறது.

இதற்கான தீர்வு 2022இல் சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 ஆகியவற்றில் வந்தது. பட்டை விரிந்திருக்கும்போதுள்ள சிறிய உயரம் எஸ்விஹெச், சுருங்கியபோதுள்ள பெரிய உயரம் எல்விஹெச், அவ்வப்போதைய உயரம் டிவிஹெச். பெயரளவில் டிவிஹெச் பொருத்தமாகத் தோன்றினாலும், உருட்டும்போது படத்தின் அளவு மாறுவது கண்ணை உறுத்துகிறது. படம் பார்க்க வருபவருக்கு அசையாத படமே முக்கியம் என்று கருதி எஸ்விஹெச்சைத் தேர்ந்தேன். அதற்கு முன் வரியில் விஹெச்சையும் எழுதியிருக்கிறேன். புதிய அளவை அறியாத பழைய உலாவி இரண்டாம் வரியைப் புறக்கணித்து முதல் வரியைப் பின்பற்றும்.

குறிப்பு நீளும்போது எழுத்துகள் பெட்டிக்கு வெளியே வழியாமலிருக்க, 'ஹைட்' என்பதை விட்டு 'மின்-ஹைட்: 100எஸ்விஹெச்' என்று எழுதினேன். இங்கே பழைய சிக்கல் வேறு வடிவில் திரும்புகிறது: குறைந்தபட்ச உயரம் மட்டுமே உள்ள தாய்ப் பெட்டியிலிருந்து குழந்தைப் பெட்டி தன் சதவீத உயரத்தைப் பெற முடியாது. ஆனால் 'பொசிஷன்: அப்சல்யூட்' (மற்ற உறுப்புகளின் வரிசையிலிருந்து விலக்கித் தனியே நிறுத்தும் கட்டளை) கொடுத்த உறுப்புக்கு, தாய்ப் பெட்டியின் இறுதி உயரம் தீர்மானிக்கப்பட்ட பின்பே கணக்கு நடக்கிறது. தாய்ப் பெட்டிக்கு 'ரிலேட்டிவ்' (படத்தின் இடத்துக்கு அதுவே அடிப்படையாக), படத்துக்கு 'அப்சல்யூட்', 'இன்செட்: 0' (நான்கு ஓரங்களையும் ஒட்டி), நூறு சதவீத அகலமும் உயரமும், 'ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்' (விகிதம் மாறாமல் பெட்டியை நிரப்பி, மிஞ்சுவதை வெட்ட) என்று கொடுத்ததும், குறிப்பு எவ்வளவு நீண்டாலும் படம் உடன் நீள்கிறது.

கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் 'கவர்' படத்தின் மேற்பகுதியை வெட்டிவிடுகிறது. நெட்டாக எடுத்த நாரைப் படத்தில் தலையே போய்விட்டதால், அதற்கு மட்டும், படத்தின் மேல் ஓரம் பெட்டியின் மேல் ஓரத்தோடு ஒட்டி நிற்க, 'ஆப்ஜெக்ட்-பொசிஷன்: 50% 0' என்று கொடுத்திருக்கிறேன்.