120ஒய் காடிக்கு அடியில ரெண்டு இரும்பு

அப்பாவோட காடி, அதாவது காரு, 78 மாடல் டாட்சன் 120ஒய். வீட்டு முன்னால லோங்காங் (சாக்கடை) ஓரத்துல ஒரு டயர் மேடேறி நின்னா போதும், இடது பக்க முன் கதவு திறக்காது, இழுத்துத் திறந்தா திரும்ப சாத்தாது, அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டே கோயிலுக்குப் போன நாளெல்லாம் உண்டு. நான் கதவுக் கீல் (ஹிஞ்ச்) தேஞ்சிருக்கும்னு நினைச்சு அதோட பின் ஊசிய மாத்துனேன், கொண்டிய நகத்தி வச்சேன், ரெண்டு வாரம் சரியா இருந்துச்சு, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி தான்.

எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை, 2007ல பேரு மாத்தி பெஸ்தாரி ஜெயான்னு ஆச்சு, ஆனா வீட்டுல யாரும் அப்படி சொல்றதில்ல. 1917ல இந்த நாட்டுலயே மொத மொத வியாபாரத்துக்குன்னு செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமாரம் தோட்டம் எங்க பக்கம் தான், அதனால குலை ஏத்துற லாரியும் அது தோண்டுற குழியும் எங்களுக்குப் புதுசில்ல. அப்பா கிராணி (கணக்கர்) வேலைக்கு இருபது வருஷம் இந்தக் காடியில தான் செம்மண் ரோட்டுல போய் வந்தாரு. ஒரு டயர் குழியில, எதிர் மூலை டயர் மேட்டுல, துணி பிழியற மாதிரி தினமும் பாடிய முறுக்குனா என்ன ஆகும்.

ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணன் ஒருத்தர் தான் கண்டுபிடிச்சாரு. வண்டிய சமமா நிறுத்தி, கதவுக்கும் நடுத் தூணுக்கும் இருக்கற சந்துல ரெண்டு 50 காசை சேத்து மேல் பக்கம் சொருகுனாரு, லூசா போச்சு. முன் இடது மூலைய மட்டும் ஜாக் போட்டுத் தூக்குனாரு, அதே இடத்துல ஒத்த காசு கூட போகல. "கதவு நல்லாத்தான் இருக்கு தம்பி, வீடு தான் சாயுது"ன்னாரு.

இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே தான் சேஸிஸ். முன்னால எஞ்சினைத் தாங்குற ரெண்டு ரயிலும் (நீள இரும்புச் சட்டம்) முன் சீட்டுக்கு அடியில வந்து முடிஞ்சிரும், பின்னால லீஃப் ஸ்பிரிங் பிராக்கெட் கிட்ட வேற ரெண்டு ரயில் ஆரம்பிக்கும், நடுவுல தாங்குறது வெறும் ஃப்ளோர் தகடும் கதவுக்குக் கீழ ரெண்டு ஓரத்துலயும் ஓடுற சில்லும் தான், அந்த சில்லு உள்ள துருப்பிடிச்சா அவ்ளோ தான். முன் ரயிலையும் பின் ரயிலையும் இரும்பு போட்டு இணைக்கணும், கேக்க சுலபமா இருக்குல்ல, நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அண்ணனுக்கு அப்ப கை நிறைய வேலை. அவசரக்குடுக்கை நான், வேற ஒரு பெங்கேலுக்கு (வொர்க்‌ஷாப்) கொண்டு போனேன், அங்க வண்டிய ரெண்டு கால் லிஃப்ட்ல ஏத்தி, டயர் நாலும் தொங்க, அடியில ஹாலோ இரும்பை (உள்ள வெத்தா இருக்கற கட்டக் குழாய்) வச்சு ஒரே மூச்சா நீளமா ஒட்டிக் கொடுத்துட்டாங்க. 600 வெள்ளி. இறக்குன அன்னைக்கே ரெண்டு கதவும் சாத்தல! லிஃப்ட் நடுவுல பிடிச்சுத் தூக்கும்போது மூஞ்சியும் பின்பக்கமும் கனத்துல கீழ தொங்கும், அந்தத் தொங்கலோடயே ஒட்டுனா வண்டி அப்படியே உறைஞ்சு போயிரும். அது மட்டுமில்ல, ஒரே மூச்சா ஒட்டுன சூட்டுல தகடு அலை அலையா நெளிஞ்சிருந்துச்சு. வாய் பேசாம கொண்டு வந்தேன், அப்பா ஒரு வார்த்தை கேக்கல, அது தான் ரொம்ப வலிச்சுது.

பிறகு அண்ணன் கிட்டயே போய் நின்னேன். சேஸிஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுக்கன்னு அவர் தான் சொன்னாரு, எஞ்சினுக்குப் பின்னால இருக்கற ஃபயர்வால் தகட்டுல அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பர் பக்கம் கிரைண்டரே போகக் கூடாதுன்னும் சொன்னாரு, நாளைக்கு விக்கணும்னா வண்டி பரிசோதிக்கற புஸ்பகோம்ல, பேரு மாத்தற பி5 செக்ல அந்த நம்பரைப் பாப்பாங்க. பழைய இரும்பை அறுத்து எடுக்கவே ரெண்டு நாள். கார்ப்பெட்டை உரிச்சா கீழ தார், தாருக்குக் கீழ ஃபைபர், ஃபைபருக்குக் கீழ எதுவுமே இல்ல, டிரைவர் காலுக்கு அடியில என் உள்ளங்கை அளவு ஓட்டை. துருவுல வெல்டிங் நிக்காது, பளபளன்னு நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும், புது தகடு வச்சு அதை முதல்ல முடிக்கணும். சனி ஞாயிறு மட்டும் வேலைங்கறதால இதுக்கே ஒரு மாசம் ஓடிருச்சு.

இரும்பு விஷயத்துல எனக்கும் அவருக்கும் சண்டை. நான் 4 மில்லி கனம் போடலாம்னேன். ஃப்ளோர் தகடு ஒரு மில்லி கூட இல்ல, அதுல போய் அவ்ளோ கனத்தை ஒட்டுனா இரும்பு வளையாது, அது முடியற இடத்துல தகடு கிழியும்னாரு. கடைசியில 50க்கு 25 ஹாலோ, 2 மில்லி கனம், கறுப்பு இரும்பு. வெள்ளை முலாம் பூசுனது வேணவே வேணாம், துத்தநாகப் புகை மூக்குல ஏறுனா ராத்திரி காய்ச்சல் தான். மீட்டருக்கு ரெண்டே கால் கிலோ வரும், ரெண்டு பக்கமும் பிளேட்டெல்லாம் சேத்து ஒரு 10 கிலோ தான் கூடுச்சு. இரும்பை நிமித்தி வச்சா பலம் அதிகம், ஆனா முழுசும் அடியில தொங்குனா செம்மண் மேடு தட்டும், அதனால ஃப்ளோரை நீட்டா கீறி, பாதி மேல பாதி கீழன்னு உள்ள இறக்குனாரு. ரெண்டு முனையும் ரயில் மேல ஒரு சாண் ஏறி உக்காரணும், அங்க 3 மில்லி பிளேட்டை டைமண்ட் மாதிரி வெட்டி சுத்தி ஒட்டணும், பாரம் ஒரே கோட்டுல இறங்காம பரவுறதுக்கு.

இந்த முறை வண்டி லிஃப்ட்ல ஏறல. நாலு டயரும் நாலு மரக்கட்டை மேடையில, கனம் முழுக்க டயர்ல. கதவு நாலும் மாட்டியே இருந்துச்சு, காசை சொருகி சந்து சரியான பிறகு தான் மொத வெல்டிங் பொட்டு. பேட்டரி கழட்டியாச்சு, பெட்ரோல் டேங்க் இறக்கி வெளிய வச்சாச்சு, அடியில போற பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் கூட எடுத்தாச்சு. மிக் வெல்டிங், 0.8 மில்லி கம்பி, ஒரு இஞ்ச் ஒட்டுவாரு, நிறுத்துவாரு, எதிர்ப்பக்கம் போய் ஒரு இஞ்ச், கை வச்சா சுடற வரைக்கும் அடுத்தது கிடையாது. ஒவ்வொரு சுத்துக்கும் காசு டெஸ்ட். என் வேலை ஈர சாக்கோட உள்ள உக்காந்திருக்கறது, சுரண்டாம விட்ட ஒரு துண்டு தார் புகைஞ்சு பொசுக்குன்னு பத்திக்கிச்சு, சாக்கைப் போட்டு அமுக்குனேன், அந்த நாத்தம் ஒரு வாரம் தலைமுடியில இருந்துச்சு. என் மச்சான் மாஸ்க் போடாம வேடிக்கை பாத்துட்டு நடுராத்திரி கண்ணுல மணல் கொட்டுன மாதிரி இருக்குன்னு கத்துனான், க்ளினிக் ஓடுனோம்.

ஒட்டி முடிச்சு இடுக்கை அடைக்க சீம் சீலர், துரு பிடிக்காம இருக்க சிங்க் பிரைமர், ஹாலோ உள்ள மெழுகு ஸ்ப்ரே, அது மேல தார். உள்ள மெழுகு அடிக்காம விட்டா எங்க ஊரு மழைக்கு நாலே வருஷத்துல இந்த ஹாலோவும் போயிரும்.

லோங்காங் ஓரத்துல அதே இடத்துல நிறுத்தி அம்மாவைத் திறக்கச் சொன்னேன், ஒரு விரல்ல திறந்துச்சு. வேகம் கீகமெல்லாம் ஒண்ணும் கூடல, ஸ்டீரிங் மட்டும் குழியில இழுத்துக்கிட்டுப் போறது குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு விஷயம், முன்ன பாடி முறுக்கி முழுங்கிக்கிட்டு இருந்த ஆட்டமெல்லாம் இப்ப நேரா லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிக்கற புஷ்ஷுக்குப் போகுது போல, பின்னால இருந்து கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். அப்பா மொத ரவுண்டு முடிச்சு இறங்கி அதைத் தான் சொன்னாரு, "பின்னால எலி கத்துதுடா." புஷ் வாங்கி வச்சிருக்கேன், இந்த ஞாயிறு மாத்தணும்.