மழைக்கு முன் வரவேண்டிய செய்தி

எங்கள் வேலையை வானொலி என்று சொன்னால் சட்டம் ஒப்புக்கொள்ளாது. அலைவரிசை இல்லை, உரிமம் இல்லை. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் தமிழில் நிகழ்ச்சி பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சிக்னல் எட்டாத தோட்டப் பிரிவுகளில், பூசை முடிந்த பிறகு கோயில் மைக்செட்டில் போட்டுவிடச் சொல்கிறோம். அவ்வளவுதான். ஆனாலும் தோட்டத்தில் எங்களுக்கு 'ரேடியோக்காரங்க' என்றுதான் பேர்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் குரல் பதிவு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பேசுகிறவருக்கே தன் குரல் கேட்காது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஓடுகிற டிவி நாடகம் பொதுச்சுவரைத் தாண்டி நம் பேட்டிக்குள் வந்துவிடும். வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மடித்த சேலைமேல் போனை வைத்து ஒருமாதிரி சமாளிக்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாயங்காலம் ஆட்கள் கூடுவார்கள், பேச்சும் கலகலப்பாக இருக்கும். ஆனால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தராசுப் பக்கம் நிற்கும்போது சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்த அக்கா, வீட்டு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார். ரொட்டி தட்டுகிற சத்தமும் சேர்ந்துதான் பதிவாகும். அதை வெட்டி எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மழைக்காலம் வந்தால் மற்ற நிகழ்ச்சிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மண்சரிவு அறிவித்தல்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. பட்டியல் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். லயத்தில் இருப்பவர் தன் இடத்தை அப்படி அறிந்து வைத்திருப்பதில்லை. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, பழைய பேக்டரி லயம், பத்தாம் நம்பர் மலை, இதுதான் அவருக்கு ஊர். 'கொத்மலை பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள்' என்று வாசித்தால் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவரைப் பிடித்து, எந்த மலையில் தரை வெடித்திருக்கிறது, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது என்று விசாரித்து, லயத்தின் பேரைச் சொல்லியே பதிவு போடுகிறோம். ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊத்துத் தண்ணி கலங்கலா வந்தா நாங்களே ஓடிருவோம் தங்கச்சி. ஓடி எங்க போறதுன்னு ஒங்க ரேடியோவுல சொல்லுங்க." அன்றிலிருந்து எங்கே போய்த் தங்கலாம் என்பதையும் கேட்டுச் சேர்க்கிறோம்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆக, தகவல் இருந்தது. குடியிருந்தவர்களின் காதுக்கும் காலுக்கும் அது நேரத்தோடு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

கொள்கை, சட்டம் என்று பேசப் போகும்போதும் இதே கதைதான். இணையத்தில் போடும் பொய்க் கூற்றுகளைக் கட்டுப்படுத்தவென்று கொண்டுவந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டம்பரில் அரசிதழான வர்த்தமானியில் வந்தது, 2024 ஜனவரி 24 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் அரசியலமைப்பில் ஒரு சங்கதி இருக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போது குறுகிய காலத்துக்குள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போகலாம். சபாநாயகர் கையெழுத்திட்டுச் சட்டமாகிவிட்டால் அது செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. அப்படியென்றால் மலைக்குச் செய்தி பிந்தி வருவது வெறும் அசௌகரியம் இல்லை, உரிமையே கைநழுவிப் போகிறது. கொழும்பில் மனுக்கள் போடப்பட்டபோது தோட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்படியொரு சட்டமூலம் இருப்பதே தெரியாது.

அதைப் பற்றி நாங்கள் செய்த நிகழ்ச்சியில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, தோட்டத்து ரோடு மோசம்னு போட்டோ போட்டா, அது பொய்னு தொர புகார் குடுக்கலாமா?" தோட்ட மேலாளரான துரையும் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டதாக நினைக்கிற எவரும் அந்தச் சட்டத்தின் கீழ் அமையும் ஆணைக்குழுவிடம் போகலாம். அதன் 5 உறுப்பினர்களையும் நியமிப்பவர் ஜனாதிபதி. அரசியலமைப்புப் பேரவை ஒப்புதல் தரவேண்டும். ஒரு கூற்று பொய்யா இல்லையா என்று பார்க்கும் வேலை அவர்களிடம். அந்தத் தம்பிக்கு இந்தப் பதில் போதவில்லை, எனக்கும்தான். அப்புறம் பேச்சு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குத் திரும்பியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைச் சொன்னபோதுதான் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரோட்டுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கடதாசியில் பதில் கையில் இருந்தால், போட்டோ போட்டவரைப் பொய்யர் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. 

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை அடுத்துச் சமூக ஊடகங்கள் தடைபட்டபோது எங்கள் வேலையும் ஒரு வாரம்போல முடங்கியது. பெடியன்கள் விபிஎன் போட்டுக்கொண்டு தடையைத் தாண்டிவிட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் மட்டும் கேட்கத் தெரிந்த அம்மாமார்தான் உண்மையில் துண்டிக்கப்பட்டார்கள். வதந்தி பஸ்ஸிலும் திரீவீலரிலும் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதை மறுக்கிற குரலுக்குத்தான் வழியில்லை. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் தடை வந்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாமார் ஞாபகம்தான் வரும்.

சரி, முறையாக ஒரு அலைவரிசை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். சமூக வானொலி இந்த நாட்டுக்குப் புதிதில்லை. மகாவலி சமூக வானொலி 1981 இல் தொடங்கியது, கொத்மலை நிலையம் 1989 இல். 1998 வாக்கில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலையில் இணையத்தையே ஒலிபரப்புக்குள் கொண்டுவந்தார்கள்: நேயர் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர் வலையில் தேடி உள்ளூர் மொழியில் பதில் சொல்வார். வெளிநாட்டார் வந்து பார்த்துப் படித்த முயற்சி அது. ஆனால் இந்த நிலையங்களெல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். தனியாருக்கு அனுமதி கொடுப்பது 1966 ஆம் ஆண்டுக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்து, அமைச்சர் மூலமாக. ஊர்ச்சங்கமோ கூட்டுறவோ சொந்தமாக நடத்துவதற்கென்று தனி வகை உரிமம் கிடையாது. அலைவரிசை பொதுச்சொத்து, அதை ஒழுங்குபடுத்துகிற அமைப்பு அரசுக்குக் கட்டுப்படாததாக இருக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1997 இலேயே சொல்லியாகிவிட்டது. மைக், கம்ப்யூட்டர் வாங்கித் தர ஆள் கிடைக்கும். உரிமத்துக்குச் சண்டை போடத்தான் ஆள் குறைவு.

ஊர்ச்சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் தனி உரிமம் வேண்டும் என்கிற கோரிக்கையைத்தான் இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துவரவில்லை. விளம்பரம் எடுக்கலாமா என்பதில் இழுபறி. எடுக்காவிட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது என்கிறார் ஒருவர். தோட்டக் கம்பனி விளம்பரம் கொடுத்தால் அடுப்படியில் பேசிய அக்காவின் பதிவைப் போடுவோமா என்கிறேன் நான். மாதச் சந்தா வாங்கலாம் என்று இன்னொருவர். அதற்கு அக்காவிடமே போய்க் கேட்டோம். "சந்தா வேணாம்மா, ஏற்கெனவே சம்பளத்துல தொழிற்சங்கத்துக்கு வெட்டுறாங்க" என்றார். கோரிக்கையில் அந்தப் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.