எம்.எஸ். இ.என்.டி. வைவா: கார்சியாவை விட்டுவிடாதீர்கள்

எம்.எஸ். இ.என்.டி. (காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவ மேற்படிப்பு) ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். தியரி பேப்பர்களைப் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கருவிகளைக் காட்டிக் கேள்வி கேட்கும் மேஜையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆடியோகிராமில் (காது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) தடுமாறும் என்னைப் போன்றவர்களுக்கு மார்க் அங்கேதான்.

"ஹிஸ்டரியெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க" என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். எக்ஸாமினர் முதலில் கையில் எடுத்ததே குரல்வளைக் கண்ணாடியைத்தான் (தொண்டைக்குள் வைத்துக் குரல்வளையைப் பார்க்கும் சிறு கண்ணாடி).

"யார் கண்டுபிடிச்சது?"

"மானுவல் கார்சியா சார், 1854."

"டாக்டரா?"

"இல்லை சார், பாட்டு வாத்தியார்."

அவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பேசியதெல்லாம் நான்தான்.

கார்சியா பிறந்தது 1805இல். அப்பா பெயரும் மானுவல் கார்சியாதான், உச்சக் குரலில் பாடும் பேர்போன ஓபரா டெனர் (இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்). 1825இல் குடும்பத்தோடு நியூயார்க் போய் ரோசினியின் ஓபராவைப் போட்டார்கள்; மகனுக்கு ஃபிகாரோ வேடம். இளம் வயதிலேயே தொண்டையை வருத்திப் பாடியதில் குரல் போனது, மேடையை விட்டார். பாரிஸ் ராணுவ மருத்துவமனைகளில் குரல்வளையின் அனாடமியைக் கற்றார். பாரிஸ் கன்சர்வேட்டரியிலும், 1848 முதல் லண்டன் ராயல் அகாடமியிலும் பாடம் எடுத்தார். 1841இல் குரல் கெட்டுப்போய் வந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டிடம், ஆறு வாரம் பாடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். நாம் நாடியூல் (குரல்நாணில் வரும் சிறு முடிச்சு) கேஸுக்கு 'வாய்ஸ் ரெஸ்ட்' எழுதுகிறோமே, அதேதான். இந்த இடத்தில் எக்ஸாமினர் சிரித்தார்.

1854இல் கார்சியா, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பித் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் ராயல் சொசைட்டியில் கட்டுரை. டர்க், செர்மாக் என்ற இரண்டு டாக்டர்கள் அதை கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். விளக்கு வெளிச்சம் செர்மாக் சேர்த்தது.

கதையோடு செய்முறையும் வேண்டும்:

- கண்ணாடிப் பக்கத்தைச் சூடாக்கவும், இல்லையென்றால் மூச்சு படிந்து மங்கும்.
- பின்பக்கத்தைப் புறங்கையில் தொட்டுச் சூடு பார்க்காமல் வாய்க்குள் விடாதீர்கள். இதற்கு ஃபெயில் போடுவார்கள்.
- நாக்கை காஸ் துணியால் பிடித்து, 'ஈ' சொல்லச் சொல்லவும்.
- பிம்பத்தில் முன்-பின்தான் மாறும், இடம்-வலம் மாறாது. கட்டாயம் கேட்பார்கள்.

கார்சியா 1906இல், 101 வயதில் இறந்தார். அங்கே நிறுத்திவிடாமல் 1895 கிர்ஸ்டைன் (கண்ணாடி இல்லாமல் குரல்வளையை நேரடியாகப் பார்த்தவர்), 1897 கில்லியன் (மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்த்தவர்) என்று நீங்களே போய்க்கொண்டிருங்கள். எக்ஸாமினர் ஆடியோகிராமைத் தேடி எடுப்பதற்குள் மணி அடித்துவிடும்.